தரை டிக்கெட்டும் நியூஸ் ரீலும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உங்க கல்லூரி நாட்களைப் பற்றிப் பேசுங்க" என்று செயலாளர் சொன்னார். என் கல்லூரி நாட்களில் பகல் எல்லாம் இங்கே கழிந்தது. இரவு எல்லாம் மேல்மலையனூர்ப் பக்கத்தில் ஒரு டூரிங் டாக்கீசில் கழிந்தது. முதல் பீரியடில் நான் ஏன் தூங்கி விழுந்தேன் என்பது என் ஆசிரியர்களுக்கு இன்றைக்குத்தான் தெரிகிறது. மன்னிக்கணும்.

1978-இல் இங்கே சேர்ந்தேன். அப்போது நம் பகுதி தென்னார்க்காடு மாவட்டம். விழுப்புரம் மாவட்டம் பிரிந்தது 1993-இல். அப்பா கூலி வேலை. பரீட்சைக் கட்டணம் கட்டக் காசு கிடையாது. டாக்கீஸ் ஆபரேட்டர் அண்ணன் ஒருவர், "ராத்திரிக்கு வாடா தம்பி, ஃபிலிம் சுத்தக் கத்துக்க" என்று கூப்பிட்டார். போனேன். இரண்டாம் ஆட்டம் முடிய ஒன்றரை மணி ஆகும். காலையில் முதல் பஸ் பிடித்து, வளத்தி வழியாகச் செஞ்சி வந்து, அங்கே இன்னொரு பஸ் ஏறி இங்கே வருவேன்.

இளைய தலைமுறைக்கு டூரிங் டாக்கீஸ் தெரியாது. கீற்றுக் கொட்டகை, பக்கத்துக்கு ஒரு தட்டி, எதிரே வெள்ளைத் திரை. சேர், பெஞ்ச், தரை என்று மூன்று டிக்கெட். தரை என்றால் ஆற்று மணல். முன்னால் இருப்பவர் தலை மறைத்தால் மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து கொள்ளலாம். புரொஜக்டர் ஒன்றே ஒன்றுதான். ரீல் மாற்ற விளக்குப் போட வேண்டும். அதனால் ஒரு படத்துக்கு மூன்று இடைவேளை, மூன்று தரம் முறுக்கு வியாபாரம். வெளிச்சத்துக்கு இரண்டு கார்பன் குச்சிகள். அவை எரிய எரிய இடைவெளி பார்த்து நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் கண் அசந்தால் திரையில் எம்.ஜி.ஆர். மங்கிப் போவார், கொட்டகையில் விசில் பறக்கும். அமாவாசை அன்று அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவத்துக்கு வரும் ஜனம் நடுராத்திரி வரை காத்திருக்க வேண்டுமே. அதில் பாதி எங்கள் மணலில்தான் காத்திருக்கும்.

இந்தத் தொழிலுக்குத் தமிழ்நாட்டில் முன்னோடி சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்தவர். 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜக்டரும் படங்களும் வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கூடாரம் போட்டார். பிறகு கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார். சினிமா நம் ஜனங்களுக்கு என்ன செய்தது என்று எழுதிய பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி ஒரு முக்கியமான விஷயம் சொல்லியிருக்கிறார். தமிழர்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் கலைக்கூடம் சினிமாக் கொட்டகைதானாம். புத்தகத்தில் அதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. நான் அதைக் கண்ணால் பார்த்தவன்.

பார்த்ததைச் சொல்கிறேன். மத்திய அரசு 1948-இல் ஃபிலிம்ஸ் டிவிஷன் என்ற பிரிவைத் தொடங்கியது. அங்கீகரிக்கப்பட்ட செய்திப் படமோ ஆவணப்படமோ ஒவ்வொரு காட்சியிலும் போட்டாக வேண்டும் என்பது தியேட்டர் உரிமத்தின் நிபந்தனை. நிகர வசூலில் நூற்றுக்கு ஒரு பங்கு அதற்கு வாடகை. நம்ம ஜனம் இதற்கு வைத்த பெயர் நியூஸ் ரீல். அது ஓடினால் வெளியே போய் பீடி குடிக்க வேண்டும் என்பது ஊர் வழக்கம். நானும் அதை மதித்தவன் இல்லை.

1979-இல் ஒரு இரவு வந்த ரீல் மல்லாட்டைப் பயிரைப் பற்றியது. பத்து நிமிஷப் படம். ஜிப்சம் போடுவது, மண் அணைப்பது, காய் பிடிப்பது என்று காட்டினார்கள். அன்றைக்கு வெளியே போன கூட்டம் வாசலிலேயே நின்று திரும்பிப் பார்த்தது. நம்ம பக்கம் மல்லாட்டை என்றால் அது வயிற்றுச் சமாச்சாரம் அல்லவா. ஆட்டம் முடிந்ததும் ஏழெட்டுப் பேர் புரொஜக்டர் அறை வாசலில் வந்து நின்று, "அந்தத் துண்டை இன்னொரு தரம் போடுப்பா" என்றார்கள். ஆபரேட்டர் அண்ணன் என்னைப் பார்த்தார். ரீலைத் திருப்பிச் சுற்றி மறுபடி ஓட்டினோம். அந்தக் கூட்டத்தில் சேர் டிக்கெட் வாங்கிய நிலக்காரர் ஒருவர் இருந்தார். தரை டிக்கெட் வாங்கிய என் அப்பாவும் இருந்தார். அப்பா அவர் நிலத்தில்தான் கூலிக்குப் போவார். அவர் எதிரில் அப்பா துண்டைத் தோளில் போட்டு நான் பார்த்ததில்லை.

படம் முடிந்ததும் பேச்சு கிளம்பியது. "இது தண்ணி பாயுற நெலத்துக்குச் சொல்றான், நம்முது மானாவாரி" என்றார் ஒருவர். திடீரென்று என் அப்பா குரல் கேட்டது.

"விழுது எறங்குறதுக்கு முன்னாடி களை வெட்டி மண்ணு அணைக்கணுங்க ஐயா. எறங்கின அப்புறம் மண்ணைக் கிளறினா காய் புடிக்காது. போன வருஷம் நம்ம காட்டுல லேட்டா வெட்டினோம். அதான் பொக்காப் போச்சு."

எல்லோரும் அமைதியாகி விட்டார்கள். எனக்கு அடிவயிறு கலங்கிப் போச்சு. நிலக்காரர் கொஞ்ச நேரம் அப்பாவையே பார்த்தார். பிறகு கேட்டார்:

"ஏம்பா, இதை அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க கேக்கலீங்களே."

அவ்வளவுதான். சண்டையும் இல்லை, சமாதானமும் இல்லை. அடுத்த வருஷம் களை வெட்ட நாள் குறிக்கும் முன்னால் அவர் அப்பாவைக் கூப்பிட்டுக் கேட்டார். இரண்டாம் தரம் ஓட்டியதற்கான கார்பன் குச்சிக் காசு ஆபரேட்டர் அண்ணன் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

நண்பர்களே, அந்தப் படத்தை எடுத்தவர் யாரென்று எனக்குத் தெரியாது. பெரிய கலைப்படைப்பு என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் வாழ்நாள் முழுக்க வாய் திறக்காத ஒரு மனிதரை அது பேச வைத்தது. கதைப்படம் முடிந்தால் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவோம். நம்ம பிழைப்பைக் காட்டுகிற படம் முடிந்தால், "அப்படி இல்லைப்பா, இப்படி" என்று ஒருவர் எழுந்திருப்பார். அங்கேதான் ஆவணப்படத்தின் பாதி வேலை நடக்கிறது. அதற்கு ஓர் இடமும், படம் முடிந்த பிறகு அரை மணி நேரமும் வேண்டும். நான் இன்று சொல்ல வந்தது இதுதான்.

தமிழன் ஒருவன் இந்தத் துறையில் செய்ததை மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கோட்டையூர் ஏ.கே. செட்டியார் 1937 அக்டோபரில் நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தார். 26 வயதுகூட நிரம்பவில்லை. காந்தியைப் பற்றி ஒரு ஆவணப்படம் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் அங்கே பிறந்தது. உலகத்தில் எங்கெங்கோ சிதறிக் கிடந்த காட்சிகளைத் தேடி ஒரு லட்சம் மைல் சுற்றினார். 12,000 அடிப் படமாகத் தொகுத்து 1940 ஆகஸ்டில் தமிழில் வெளியிட்டார். 35 மி.மீ. ஃபிலிம் நிமிஷத்துக்குத் தொண்ணூறு அடி ஓடும். கணக்குப் போட்டுப் பாருங்கள், இரண்டேகால் மணி நேரம் வரும். வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில், யுத்தத்தின் நடுவில், காந்தி படம்!

பக்கத்து மாநிலத்தில் ஜான் ஆபிரகாம் இருந்தார். தமிழில் 'அக்ரகாரத்தில் கழுதை' எடுத்தவர். 1984-இல் நண்பர்களோடு ஒடேசா என்ற கூட்டமைப்பைத் தொடங்கினார். ஊர் ஊராகச் சாப்ளின் படத்தைத் திரையிட்டு, துண்டேந்தி ஜனங்களிடம் காசு வாங்கி, அதில் 1986-இல் 'அம்ம அறியான்' படத்தை முடித்தார்கள். மதுரையில் அமுதன் 1998-இல் தொடங்கிய ஆவணப்பட, குறும்பட விழா வருஷா வருஷம் நடந்து பேர் பெற்றது. அவ்வளவு தூரம் ஏன், வானூர் வட்டத்தில் ஆரோவில் இருக்கிறது. அங்கே சினிமா பாரடிசோ என்ற சிறிய அரங்கில் ஆவணப்படங்களும் உலகப் படங்களும் திரையிடுவார்கள். அங்கேயே சாதனா ஃபாரஸ்ட்டில் பல ஆண்டுகள் வெள்ளிக்கிழமைதோறும் சுற்றுச்சூழல் படம் போட்டு, வந்தவர்களுக்குச் சாப்பாடும் போட்டார்கள். இதெல்லாம் பெரிய முதலாளி செய்த காரியம் இல்லை.

நம்ம கதை என்ன? டூரிங் டாக்கீஸ் போய்விட்டது. ஃபிலிமே போய்விட்டது. கட்டாயத் திரையிடல் செல்லும் என்று 1999-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. அந்த நியூஸ் ரீலும் கொட்டகையை விட்டுப் போனது. 2022-இல் ஃபிலிம்ஸ் டிவிஷனை என்.எஃப்.டி.சி.யோடு இணைத்து விட்டார்கள். இன்று எல்லாப் படமும் கைப்பேசியில் கிடைக்கிறது. கிடைக்கிறதே தவிர, பார்த்துவிட்டுப் பேசப் பக்கத்தில் ஆள் இல்லை. ஆளுக்கொரு மூலையில் பார்க்கிறோம்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் 2019-இல் எங்கள் ஊரில் ஒரு திரையிடலுக்கு ஏற்பாடு செய்தேன். நல்ல படம், பரிசு வாங்கிய படம். வந்தவர்கள் ஒன்பது பேர். அதில் ஆறு பேர் குழந்தைகள், மூன்று பேர் என் சொந்தக்காரர்கள். தப்பு என்னுடையது. படத்துக்கு முன்னால் முக்கால் மணி நேரம் நானே பேசினேன். இன்றைக்குப் பேசுவதைவிட மோசமாக!

அப்புறம் புத்தி வந்தது. இதே கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த எங்கள் ஊர்ப் பெண்கள் இரண்டு பேர் கைப்பேசியில் எங்கள் ஏரியைப் படம் எடுத்தார்கள். பன்னிரண்டு நிமிஷம். மதகு எங்கே இருந்தது, எந்தக் கால்வாய் வழியாகத் தண்ணீர் வந்தது, யாருக்கு எத்தனை நாழி முறை என்று ஒரு ஆயா பேசுகிறார். பள்ளிக்கூடச் சுவரில் வேட்டி கட்டி அதைப் போட்டோம். உட்கார இடம் இல்லை. முடிந்ததும், "கெழவி சொல்றது தப்பு, கால்வாய் அந்தப் பக்கம் இல்ல" என்று ஒருவர் எழுந்தார். நாற்பது நிமிஷம் வாக்குவாதம். மறுவாரம் பதினோரு பேர் மண்வெட்டியோடு வரத்துக் கால்வாய்க்குப் போனார்கள். ஏரி நிறைந்து வழிந்தது என்று கதை விட மாட்டேன். நூறடிக் கால்வாய் சுத்தமானது. அவ்வளவுதான்.

2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகளின் வரிசையில் நம் செஞ்சிக் கோட்டையும் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. எல்லோரும் பெருமைப்பட்டோம். ராஜகிரியைப் படம் பிடிக்க இனி உலகமே வரும். ராஜா தேசிங்கு கதையை 1960-லேயே சினிமாவாக எடுத்தாகி விட்டது. கோட்டைக்குக் கீழே மல்லாட்டை பிடுங்குகிறவரை, தெருக்கூத்துக் கட்டுகிறவரை, ஏரி முறை தெரிந்த ஆயாவை யார் எடுப்பார்கள்? நாம்தான் எடுக்க வேண்டும்.

எனவே சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நம் கல்லூரி அரங்கில் புரொஜக்டர் இருக்கிறது. வருஷத்தில் முக்கால்வாசி நாள் பூட்டியே கிடக்கிறது. மாதம் ஒரு சனிக்கிழமை மாலை அதைத் திறந்து விடுங்கள். ஒரு ஆவணப்படம் போதும், ஒரு மணி நேரத்துக்குள். எடுத்தவருக்கு எழுதி அனுமதி வாங்கிப் போடுங்கள். தங்கள் படம் ஊருக்குள் போக வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள்தான் அதிகம், கேட்டால் கொடுப்பார்கள். முன்னுரை ஐந்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். படம் முடிந்து அரை மணி நேரம் யாரையும் எழுப்பாதீர்கள். முக்கியமாக, வாசல் கதவு ஊருக்கும் திறந்திருக்கட்டும். மாணவர்களின் அப்பா, அம்மா, ஆயா எல்லோரும் வரட்டும். ஒலிபெருக்கிச் செலவு என்னுடையது. முதல் மாதம் தரையில் உட்கார நானே வருகிறேன்.

தம்பி தங்கைகளே, உங்கள் வீட்டிலும் நிறையத் தெரிந்து வைத்துக்கொண்டு பேசாமல் இருக்கிற ஒருவர் இருப்பார். "ஏன் அப்பவே சொல்லல" என்று நீங்கள் பிற்பாடு கேட்டால், அவர் என் அப்பா சொன்னதைத்தான் சொல்வார். அதற்கு முன்னால் போய்க் கேளுங்கள். கேட்டதைப் படமாக்குங்கள். எடுத்ததை இங்கே கொண்டுவந்து போடுங்கள்.

சாப்பாட்டு மணி அடித்துவிட்டது.