கேட்கும் முறை



நம் தீவின் தென்கரையில் 2020இல் திறக்கப்பட்ட தம்பபவனியின் 30 காற்றாலைகளை நம் சிறுவர் அண்ணாந்து பார்க்கின்றனர். காற்று மின்சாரமாவதைத் தம் கையாற் செய்து பார்த்தவர் எத்தனை பேர்? அதற்கோர் ஆய்வுகூடம் வேண்டும்; பொருளும் வேண்டும்.

கம்பெனிகளின் அறநிதியங்களுக்கு விண்ணப்பிப்பது இரப்பதன்று. 1944 மார்ச்சில் ஹோமி பாபா, சேர் டொராப்ஜி டாட்டா நிதியத்துக்கு எழுதினார். குறையைப் பாடவில்லை, அணுசக்தி வரும் நாளில் இந்தியா வல்லுநரை வெளிநாட்டில் தேடவேண்டியிராது என்று பயனைக் காட்டினார். 1945இல் டாட்டா ஆராய்ச்சி நிலையம் பிறந்தது.

நாமும் தெளிவாய் எழுதுவோம்: மாணவர் எத்தனை பேர்? கருவி எது? விலை என்ன? பணம் தீர்ந்தபின் காப்பவர் யார்? இக் கடைசி வினாவுக்கு விடை நாமே. கணக்கைப் பெரியோர் பார்க்கட்டும். கற்பிக்கும் பணியை இளைஞர் ஏற்போம்.