ஒரே படத்தில் பல கைகள்



ரப்பர்த் தோட்டங்களில் விடியற்காலைப் பெரட்டு நடந்த நாள்களை நம் வீட்டுப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பெயர் கூப்பிட்டு முடிந்ததும், இன்ன நிரை இன்னாருக்கு என்று பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். ஒரே மரத்தை ஒரே காலையில் இருவர் வெட்டினால் பால் கூடுவதில்லை, பட்டைதான் கெடும். இந்த நியாயத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் இன்று நாம் பேசப்போகும் பொருள் எளிதாக விளங்கும். கணினியில் பலர் சேர்ந்து ஒரே வரைபடத்தை வரையும்போது என்னென்ன சிக்கல்கள் வருகின்றன, அவற்றை எப்படித் தீர்த்துக்கொள்வது என்பதே அந்தப் பொருள்.

தோட்டத்துக் குடும்பங்களுக்கு வரைபடம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். சொல்கிறோம். ஒரு காலத்தில் வரைபடம் என்பது அரசாங்க அளவையாளர்களின் வேலையாக மட்டும் இருந்தது. எதைப் படத்தில் போடுவது, எதை விடுவது என்பதை அவர்களே முடிவு செய்தார்கள். நம் சிலிம் ரிவர் வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். 1942ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் நாள் இங்கே ஜப்பானியப் படைக்கும் பிரிட்டிஷ் இந்தியப் படைக்கும் பெரும் போர் நடந்தது. அந்தப் போரைப் பற்றிய நூல்களில் துரோலாக், சிலிம் ரிவர், குளூனி தோட்டம் என்ற பெயர்களைக் காணலாம். ஆனால் தோட்டத்து மக்கள் தங்களுக்குள் வழங்கிவந்த மூணாங்கட்டை, மேட்டு லயம், ஆற்றோர லயம் போன்ற பெயர்கள் பெரும்பாலும் எந்தப் படத்திலும் ஏறவில்லை. 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பின்னர் ரப்பர் நின்ற இடங்களில் செம்பனை வந்தது. மக்கள் தாமான்களுக்கும் பட்டணங்களுக்கும் குடிபெயர்ந்தார்கள். லயங்கள் பல மறைந்தன. பழைய பெயர்களை நினைவில் வைத்திருப்பவர்களும் ஒவ்வொருவராகக் குறைந்து வருகிறார்கள்.

இந்த நிலையில் நமக்குக் கிடைத்துள்ள ஒரு நல்ல கருவி ஓப்பன்ஸ்திரீட்மேப் என்னும் பொது வரைபடம். 2004ஆம் ஆண்டில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் இங்கிலாந்தில் இதைத் தொடங்கினார். கணக்கொன்றைத் திறந்துகொண்டால் உலகில் யார் வேண்டுமானாலும் இதில் சாலையை வரையலாம், கோயிலைக் குறிக்கலாம், பெயரைத் தமிழில் எழுதலாம். நம் நாட்டில் ஓடும் கிராப் வாகனங்களின் நிறுவனமும் இந்தப் படத்தைப் பயன்படுத்துகிறது. அதில் திருத்தங்களும் செய்கிறது. 2015ஆம் ஆண்டு இறுதியில் சென்னையைப் பெருவெள்ளம் சூழ்ந்தபோது, எந்தெந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்பதை மக்களே இந்தப் படத்தின் மீது குறித்துக் காட்டினார்கள். அதற்குமுன் பல ஆண்டுகளாகத் தன்னார்வலர்கள் தெருத்தெருவாக வரைந்து வைத்திருந்ததால்தான் அது முடிந்தது. நோயாளியை ஏற்றிக்கொண்டு சிலிம் ரிவர் மருத்துவமனைக்கு விரையவேண்டிய வண்டி நம் லயத்தைத் தேடி வரும் இரவில், படத்தில் நம் செம்மண் சாலை இருக்கிறதா இல்லையா என்பது சிறிய காரியமா?

இனி, சிக்கல்களுக்கு வருவோம்.

இந்தப் படத்தில் உள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் ஒவ்வொரு கோட்டுக்கும் ஓர் எண் உண்டு. அதனோடு, அது எத்தனையாவது பதிப்பு என்ற கணக்கும் உண்டு. கோயில் ஒன்றை முதன்முதலில் குறித்தால் அது முதல் பதிப்பு. பெயரைத் திருத்தினால் இரண்டாம் பதிப்பு. 2009ஆம் ஆண்டு வரை, இருவர் ஒரே பொருளைத் திருத்தினால் கடைசியாக அனுப்பியவரின் திருத்தம் முந்தியதை ஓசையில்லாமல் மூடிவிடும் நிலை இருந்தது. அந்த ஆண்டில் முறையை மாற்றினார்கள். இப்போது நாம் அனுப்பும் திருத்தம் பழைய பதிப்பின்மேல் செய்யப்பட்டதாக இருந்தால் மையக் கணினி அதை ஏற்பதில்லை. ‘நீங்கள் படத்தைத் திறந்த பிறகு வேறொருவர் இதை மாற்றியிருக்கிறார்’ என்று நிறுத்திவிடுகிறது. இதற்குத்தான் திருத்த மோதல் என்று பெயர்.

மோதல் என்ற சொல்லைக் கேட்டதும் பயப்பட வேண்டாம். இயந்திரம் பழுதாகிவிடவில்லை. நாம் தவறு செய்துவிட்டோம் என்பதும் அதற்குப் பொருளில்லை. நாம் அக்கறைகொண்ட அதே இடத்தில் இன்னொருவரும் அக்கறைகொண்டிருக்கிறார் என்பதே அதன் பொருள். ஆனால் அந்த நேரத்தில் அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதை நாங்கள் பட்டு அறிந்தோம்.

ஒரு சனிக்கிழமை நாங்கள் ஐந்து பேர் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து பழைய தோட்டம் ஒன்றை வரைந்துகொண்டிருந்தோம். அங்கே ஒரு சிறு கோயில். படத்தில் ‘முனீஸ்வரர் கோயில்’ என்று மட்டும் இருந்தது. ஓய்வுபெற்ற பால்வெட்டுத் தொழிலாளி ஒருவரை எங்களில் ஒருவர் முந்தின நாள் போய்க் கண்டிருந்தார். அந்தப் பெரியவர், ‘அது மூணாங்கட்டை முனியாண்டி கோயில், எங்கப்பா காலத்திலிருந்து அப்படித்தான்’ என்று சொல்லியிருந்தார். நண்பர் அந்தப் பெயரை எழுதி அனுப்பினார். அதே நேரத்தில் மேசையின் மறுமுனையில் இருந்தவர், அரைமணிக்கு முன்னரே திறந்து வைத்திருந்த படத்தில் அதே கோயிலின் பெயருக்கு முன்னால் ‘அருள்மிகு’ சேர்த்து அனுப்பினார். திரையில் மோதல் அறிவிப்பு வந்தது. ‘என்னுடையதை வைத்துக்கொள்’, ‘மற்றவருடையதை எடுத்துக்கொள்’ என்று பொருள்படும் இரண்டு பொத்தான்கள் தெரிந்தன. அவர் படிக்காமலே முதல் பொத்தானை அழுத்திவிட்டார். மூணாங்கட்டை மறைந்துவிட்டது.

அடுத்த மாதம் அந்தப் பெரியவர் காலமானார். துக்க வீட்டிலிருந்து திரும்பிய பிறகுதான், அவர் சொன்ன பெயர் படத்தில் இருக்கிறதா என்று பார்த்தோம். இல்லை. நல்ல வேளையாக, இந்தப் படத்தில் பழைய பதிப்புகள் அழிவதில்லை. கோயிலின் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்தால், எந்தப் பதிப்பில் யார் என்ன எழுதினார் என்பது வரிசையாக இருக்கிறது. அங்கிருந்து பெயரை மீட்டோம். ஆனால் அன்று அவர் சொல்லியிருந்த வேறு இரண்டு லயப் பெயர்களை நாங்கள் அனுப்பவே இல்லை. எந்தத் தாளிலும் குறித்து வைக்கவும் இல்லை. அவற்றை எந்தப் பதிப்பிலிருந்தும் மீட்க முடியாது.

ஆகவே நேயர்களே, மோதல் அறிவிப்பு வந்தால் முதலில் கையை எடுங்கள். இரண்டையும் படியுங்கள். ஐயமிருந்தால் மற்றவருடையதை ஏற்றுக்கொண்டு அனுப்புங்கள். பிறகு அவர் எழுதியதன்மேல் உங்களுடையதைச் சேருங்கள். இப்படிச் செய்தால் இருவர் உழைப்பும் நிற்கும்.

மோதல் வராமல் தடுக்கவும் வழி உண்டு. பெரட்டில் நிரை பிரித்ததுபோல, வேலை தொடங்குமுன் இடத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். சாலைக்குக் கிழக்கே ஒருவர், மேற்கே ஒருவர். காலையில் திறந்த படத்தை மாலைவரை அனுப்பாமல் வைத்திருக்காதீர்கள். பத்துப் பதினைந்து திருத்தங்கள் ஆனதும் அனுப்பிவிடுங்கள். ஒவ்வொரு முறை அனுப்பும்போதும் குறிப்பு எழுத ஓர் இடம் இருக்கும். அதை வெறுமையாக விடாமல், ‘பெரியவர் ஒருவரிடம் கேட்டுக் கோயிலின் வழக்குப் பெயர் சேர்க்கப்பட்டது’ என்று ஒரு வரி எழுதுங்கள். பின்னால் வருபவருக்கு அந்த ஒரு வரிதான் சாட்சி.

அடுத்த சிக்கல் இதைவிடத் தந்திரமானது, ஏனென்றால் இதை இயந்திரம் கண்டுபிடித்துச் சொல்லாது. படத்தில் இல்லாத ஒரு சாலையை இருவர் ஒரே நேரத்தில் புதிதாக வரைகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவர் கோட்டுக்கும் வெவ்வேறு எண் கிடைத்துவிடும். ஆகையால் மோதல் என்ற பேச்சே வராது. ஒரே சாலை இரட்டைச் சாலையாகப் படத்தில் கிடக்கும். அந்தச் சனிக்கிழமை மாலை பார்த்தபோது எங்கள் தோட்டத்துச் சாலை மூன்றாகியிருந்தது! இதற்கு மருந்து, வரையத் தொடங்குமுன் படத்தை மீண்டும் ஒருமுறை புதிதாக ஏற்றிப் பார்ப்பது. இரட்டை விழுந்துவிட்டால் பழையதை வைத்துக்கொள்ளுங்கள். அதில்தான் வரலாறு இருக்கிறது. புதியதில் உள்ள நல்ல விவரங்களைப் பழையதற்கு மாற்றிவிட்டு, அதன்பின் புதியதை நீக்குங்கள்.

இரட்டை விழுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அனுப்பிய திருத்தம் படத்தில் உடனே தெரியாமல் போகலாம். படத்தின் தோற்றம் புதுப்பிக்கப்படச் சில நிமிடங்களாகும். சில வேளைகளில் நம் கணினியே பழைய படத்தைச் சேமித்து வைத்துக் காட்டும். ‘போகவில்லை போலிருக்கிறது’ என்று மறுபடி வரைந்துவிடாதீர்கள். உங்கள் கணக்கின் வரலாற்றைத் திறந்து பாருங்கள். அங்கே இருந்தால் திருத்தம் போய்ச் சேர்ந்துவிட்டது.

இடையில் மின்சாரம் நின்றாலோ பக்கம் மூடிக்கொண்டாலோ உழைப்பெல்லாம் போயிற்றே என்று கலங்க வேண்டாம். ஐடி என்னும் எளிய வரைகருவியில், அதே கணினியில் அதே உலாவியைத் திரும்பத் திறந்தால், ‘சேமிக்காத திருத்தங்களை மீட்கவா’ என்று அது கேட்கும். மீட்கச் சொல்லுங்கள்.

இனி, செயற்கைக்கோள் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மேலிருந்து எடுத்த படத்தைக் கீழே விரித்துக்கொண்டுதான் நாம் சாலையை வரைகிறோம். இந்தப் படங்கள் சில மீட்டர் தள்ளி அமைந்திருப்பது உண்டு. ஒருவர் ஒரு படத்தையும் மற்றவர் வேறு படத்தையும் வைத்து வரைந்தால், இவர் சாலையைக் கிழக்கே நகர்த்துவார், அவர் மேற்கே நகர்த்துவார். இருவரும் நேர்மையாகவே வேலை செய்வார்கள். சாலைதான் ஓரிடத்தில் நிற்காது. எனவே குழுவாக வேலை செய்பவர்கள் ஒரே படத்தைப் பயன்படுத்துங்கள். கைத்தொலைபேசியைக் கையில் பிடித்துச் சாலையில் நடந்து பதிவு செய்த தடங்களோடு படத்தை ஒப்பிட்டுச் சரிசெய்துகொண்ட பிறகே வரையுங்கள். ஒரு தடத்தை மட்டும் நம்ப வேண்டாம். அடர்ந்த மரங்களின்கீழ் கைத்தொலைபேசி காட்டும் இடம் ஐந்து, பத்து மீட்டர் விலகக்கூடும். போக ஒரு தடவை, வர ஒரு தடவை, மறுநாள் ஒரு தடவை நடந்து, நடுவாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்றாட வேலையில் மற்றொரு பிழை அடிக்கடி நேர்கிறது. லயத்துச் சாலை பெரிய சாலையைத் தொடுவதுபோலக் கண்ணுக்குத் தெரியும். ஆனால் இரண்டுக்கும் பொதுவான புள்ளி இல்லாவிட்டால், இயந்திரத்துக்கு அது சாலை முட்டாத இடம். வழி கேட்டால் ‘வழி இல்லை’ என்று சொல்லும், அல்லது ஊரைச் சுற்றி அனுப்பும். ஆகவே சாலையை வரைந்து முடித்ததும் சந்திப்பைப் பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டு கோடுகளும் ஒரே புள்ளியில் பிணைந்திருக்கின்றனவா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

கடைசியாகப் பெயர்ச் சண்டை. ஒருவர் பெயர்ப்பலகையில் உள்ள மலாய்ப் பெயரை எழுதுவார். மற்றவர் அதை அழித்துத் தமிழ்ப் பெயரை எழுதுவார். மறுபடி அது அழியும். இந்தச் சண்டை தேவையே இல்லை. பலகையில் உள்ள பெயருக்குத் தனி இடம், தமிழ்ப் பெயருக்குத் தனி இடம், பழைய பெயருக்குத் தனி இடம், மக்கள் வழக்கில் உள்ள மற்றொரு பெயருக்குத் தனி இடம் என்று இந்தப் படத்தில் நான்கும் உண்டு. ஒன்றை எழுத இன்னொன்றை அழிக்க வேண்டியதில்லை. மற்றவர் எழுதியதில் ஐயமிருந்தால் அவருடைய திருத்தத்தின்கீழ் கேள்வி எழுப்பலாம். மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலோர் பதில் சொல்கிறார்கள். இரண்டு விலக்குகளை மட்டும் மறக்காதீர்கள். வேறு நிறுவனங்களின் படத்தைப் பார்த்து எடுத்து எழுதக்கூடாது. அது அவர்கள் உடைமை. வீட்டில் குடியிருப்பவர்களின் பெயரைப் படத்தில் போடவும் கூடாது.

தாய்மார்களே, பெரியவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். கணினியில் வரைவதைப் பிள்ளைகள் செய்துகொள்வார்கள். ஆனால் எந்த மேட்டில் ஆயாக் கொட்டகை இருந்தது, எந்தக் கிணற்றுக்கு என்ன பெயர், பழைய இடுகாடு எந்தப் பக்கம் என்பதை நீங்கள் சொன்னால்தான் உண்டு. பிள்ளைகளே, கேட்டதை அன்றைக்கே ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியோடு எழுதுங்கள். பிறகு படத்தில் ஏற்றுங்கள். படத்தில் ஏறிய பெயரை யாராவது தவறுதலாக அழித்தாலும் மீட்டுவிடலாம். ஏறாத பெயரை மீட்க வழியில்லை.