சிஸ்டர் என்று அழைக்கிறோமே!



சிங்கப்பெருமாள் கோவில் ரயில் நிலையத்தில் காலையில் நின்று பார்த்தால், ஒரு கூட்டம் வேலைக்குப் புறப்படும். இன்னொரு கூட்டம் இரவு டூட்டி முடிந்து வீடு திரும்பும். திரும்புகிறவர்களில் செவிலியர்கள் உண்டு, ஆயாம்மாக்கள் உண்டு, நம் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. நாம் நோயுற்றுப் படுக்கும்போது அவர்களை "சிஸ்டர்" என்று அழைக்கிறோம். சகோதரியாக நடத்துகிறோமா?

1973 நவம்பர் 27. மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் 25 வயதுச் செவிலியர் அருணா ஷான்பாக், அதே மருத்துவமனையின் ஊழியர் ஒருவரால் நாய்ச் சங்கிலியால் கழுத்து நெரிக்கப்பட்டு, பாலியல் வன்முறைக்கு ஆளானார். மூளை பாதிக்கப்பட்டு, 2015 மே 18 அன்று இறக்கும்வரை அதே மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தார். குற்றவாளிக்குக் கிடைத்தது ஏழாண்டுச் சிறை. அதுவும் தாக்குதலுக்கும் கொள்ளைக்கும் மட்டுமே. பாலியல் குற்றம் வழக்கில் சேரவே இல்லை. திருமணம் நிச்சயமான பெண்ணின் பெயர் கெடக்கூடாது என்று மறைத்தார்களாம்.

ஆனால் அவருடைய சக செவிலியர்கள் என்ன செய்தார்கள்? பாதுகாப்புக் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். பிறகு ஏறத்தாழ 42 ஆண்டுகள், தலைமுறை தலைமுறையாக, அருணாவுக்கு ஊட்டினார்கள், குளிப்பாட்டினார்கள், படுக்கைப்புண் வராமல் காத்தார்கள். நல்ல சமாரியர் உவமையை நாம் வாசிக்கிறோம். அவர்கள் வாழ்ந்து காட்டினார்கள்.

ஏறத்தாழ 51 ஆண்டுகள் கழித்து, 2024 ஆகஸ்ட் 9 அன்று கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவமனையில், இரவுப் பணியின் நடுவே கருத்தரங்கு அறையில் ஓய்வெடுத்த இளம் பெண் மருத்துவர் வன்புணர்வு செய்து கொல்லப்பட்டார். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தபோது, அருணாவையும் நினைவுகூர்ந்தது. இரவுப் பணியில் இருப்பவர்களுக்கு ஒழுங்கான ஓய்வறைகூட இல்லாத நிலையைச் சுட்டிக்காட்டி, தேசியப் பணிக்குழு ஒன்றை அமைத்தது.

இவை பெரிய கொடுமைகள். ஆனால் பெரியவை சிறியவற்றில்தான் முளைக்கின்றன. இரட்டை அர்த்தப் பேச்சு, தேவையில்லாமல் தோளில் விழும் கை, "ஒத்துழைத்தால் டூட்டி மாற்றித் தருகிறேன்" என்னும் பேரம். பெண் மருத்துவர் வந்தால் "பெரிய டாக்டர் வரலையா?" என்று கேட்பதும் இதே மரத்தின் கிளைதான். அப்படிக் கேட்பவர்கள் நோயாளிகளும் உறவினர்களுமான நாமே.

தவக்காலத்தின் ஐந்தாம் வாரம் திங்களன்று திருப்பலியில் சூசன்னாவின் வரலாற்றைக் கேட்கிறோம். அவரை மிரட்டியவர்கள் முன்பின் தெரியாதவர்கள் அல்லர்; ஊர் மதித்த மூப்பர்கள், நீதிபதிகள். இணங்காவிட்டால் பொய்ப்பழி சுமத்துவோம் என்றார்கள். சூசன்னா உரக்கக் கத்தினார். ஊரோ பெரிய மனிதர்களை நம்பியது. இளைஞர் தானியேல் "பொறுத்துக்கொள்" என்று சூசன்னாவிடம் சொல்லவில்லை. விசாரணை வேண்டும் என்றார். மூப்பர்களைத் தனித்தனியே நிறுத்தி, எந்த மரத்தடியில் கண்டாய் என்று கேட்டார். ஆளுக்கொரு மரத்தைச் சொன்னார்கள், பொய் உடைந்தது.

அந்த விசாரணைக்கு இன்று சட்டமே வழி வகுத்திருக்கிறது. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் எந்த நிறுவனத்திலும் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். தலைவர் பெண்ணாகவும், உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்களாகவும், ஒருவர் வெளியாளாகவும் இருக்க வேண்டும். மூன்று மாதத்திற்குள் எழுத்தில் புகார் தரலாம். 90 நாளில் விசாரணை முடிய வேண்டும். சிறிய கிளினிக்கில் வேலை செய்பவர்கள் மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவை நாடலாம். முதலாளி மீதே புகார் என்றாலும் அங்கேதான் செல்ல வேண்டும். ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளருக்கும் பயிற்சி மாணவிக்கும் இதே உரிமை உண்டு. 181 என்ற எண்ணில் மகளிர் உதவி மையத்தை அழைக்கலாம். திருச்சபை நடத்தும் மருத்துவமனைகளுக்கும் இச்சட்டத்திலிருந்து விலக்கு இல்லை.

அன்பானவர்களே, நாமும் ஒரு பாவத்தை அறிக்கையிட வேண்டும். ஒரு முறை ஒரு மகள் அழுதுகொண்டு வந்தபோது, "வெளியே தெரிந்தால் உனக்குத்தானம்மா கெட்ட பெயர், செபம் பண்ணு" என்று சொல்லி அனுப்பினோம். அவள் வேலையை விட்டாள். தவறு செய்தவர் அதே நாற்காலியில் இருந்தார். சமாதானம் செய்துவைத்தோம் என்று எண்ணினோம். உண்மையில் அருணாவின் வழக்கை மறைத்தவர்கள் செய்ததையே செய்தோம்.

இனி அப்படி வேண்டாம். அடுத்த அன்பியக் கூட்டத்தில் மருத்துவமனையில் பணிபுரியும் நம் பெண்களைப் பேசவிட்டு, நாம் கேட்போம். "உன் வேலையிடத்தில் புகார்க் குழு இருக்கிறதா?" என்று விசாரிப்போம். புகார் எழுத உதவுவோம், உடன் செல்வோம். நம் மகன்களுக்கு வீட்டிலேயே கற்றுக்கொடுப்போம்.

செபிப்போம்: சூசன்னாவின் கூக்குரலைக் கேட்ட ஆண்டவரே, எங்கள் காதுகளையும் திறந்தருளும். ஆமென்.