பழைய பதிப்பிலும் ஓட்டிப் பாருங்கள்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



சாதித்ததைச் சொல்லத்தான் கூப்பிட்டார்கள். நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். மாணவர்களுக்கு அதுதான் உதவும்.

2018-ல் வேடசந்தூர் பக்கம் ஒரு நூற்பாலைக்குச் சம்பளச் சீட்டு அச்சடிக்கும் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். மொழி பைத்தான். என் லேப்டாப்பில் இருந்தது 3.6, மில் கம்ப்யூட்டரில் பழைய 2.7. புரோகிராமை இரண்டிலும் ஓடும்படிதான் எழுதினேன். ஆனால் அதைச் சோதிக்கும் டெஸ்டுகளில், 3.6-ல் புதிதாக வந்த எஃப்-ஸ்ட்ரிங் முறையைப் போட்டுவிட்டேன். 2.7-க்கு அது தெரியாது. சின்டாக்ஸ் எரர் காட்டி, ஒரு டெஸ்டைக்கூட ஓட்டாமல் நின்றுவிட்டது. 'புரோகிராம் ஓடுதுல்ல, போதும்' என்று விட்டுவிட்டேன்.

சம்பள நாளன்று போன் வந்தது. போய்ப் பார்த்தால் சீட்டுகளில் பெயர்கள் பாதியில் நிற்கின்றன. முத்துலட்சுமி என்றால் 'முத்து' வரைதான் இருக்கிறது. அடுத்து ஏதோ கட்டம். ஒரு அம்மா சீட்டை நீட்டி, "பாதிப் பேரு போட்ட சீட்டைக் காட்டினா எவன் தம்பி கடன் குடுப்பான்?" என்று கேட்டார். பதில் சொல்ல வாய் வரவில்லை.

காரணம் இதுதான். பெயர் 20-ஐத் தாண்டினால் வெட்டச் சொல்லியிருந்தேன். புதிய பைத்தான் அதை 20 குறியீடுகள் என்று எடுத்துக்கொண்டது; பழையது 20 பைட்டுகள் என்று எடுத்துக்கொண்டது. யூ.டி.எஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட். நம் ஊர்ப் பெயரையே எண்ணுங்கள். 'திண்டுக்கல்' நமக்கு 6 எழுத்து. புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனிக் குறியீடு என்பதால் பைத்தான் 3-க்கு 11. பைத்தான் 2-ன் சாதாரண ஸ்ட்ரிங்கில் 33!

என் டெஸ்டில் தமிழ்ப் பெயர்களும் இருந்தன. மில் கம்ப்யூட்டரில் ஒரே ஒரு தடவை ஓடியிருந்தால் பிடிபட்டிருக்கும். அன்று ராத்திரி டெஸ்டுகளைப் பழைய முறையில் திருத்தி 2.7-ல் ஓட்டினேன், உடனே தப்பைக் காட்டியது. யூனிகோடு ஸ்ட்ரிங்காக மாற்றியதும் சரியாகிவிட்டது.

2.7-க்கு ஆதரவை 2015-ல் நிறுத்துவதாகத்தான் முதலில் சொன்னார்கள். மாற முடியாதவர்கள் ஏராளம் என்பதால் 2020-க்குத் தள்ளி வைத்தார்கள். தமிழ் எழுத்துகளை முறையாக எண்ணித் தரும் ஓப்பன்-தமிழ் நூலகமும் பல காலம் இரண்டு பதிப்புகளிலும் ஓடும்படி இருந்தது.

மாணவர்களே, எந்தப் பழைய பதிப்பில் ஓடும் என்று வாக்குக் கொடுக்கிறீர்களோ, அந்தப் பதிப்புக்குப் புரியும் மொழியிலேயே டெஸ்டை எழுதுங்கள். அதிலேயே ஓட்டியும் பாருங்கள். முடியாதென்றால், இன்ன தேதியோடு நிறுத்துகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் கைவிடுவதுதான் தப்பு. பழைய கம்ப்யூட்டரை வைத்திருப்பவர் ஆசைப்பட்டா வைத்திருக்கிறார்?