மத்தளம்பாறைக்கு வந்த மென்பொருள்

தென்காசிக்கு அருகே, குற்றால மலையடிவாரத்தில் உள்ள சிற்றூர் மத்தளம்பாறை. 1996-இல் தொடங்கிய ஜோஹோ மென்பொருள் நிறுவனத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு, 2011-இல் இங்கே ஓர் அலுவலகம் திறந்தார். சென்னை ஐ.ஐ.டி.யிலும் அமெரிக்காவின் பிரின்ஸ்டனிலும் படித்தவர், 2019-இல் இவ்வூருக்கே குடிவந்தார். பிழைப்புக்காக இளைஞர்கள் ஊரைவிட்டுப் போகாமல், வேலையே ஊர் தேடி வரவேண்டும் என்பது அவர் எண்ணம்.

பிளஸ் டூ முடித்தவர்களுக்குக் கட்டணமின்றி, மாதந்தோறும் உதவித்தொகையும் கொடுத்து மென்பொருள் பயிற்சி தருகிறது நிறுவனத்தின் பள்ளி. பயிற்சி முடித்தவர்கள் கல்லூரிப் பட்டம் இல்லாமலே வேலையில் சேர்கிறார்கள். எளிய கிராமத்துக் குடும்பத்துக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

2020 பொதுமுடக்கத்தில் பள்ளிகள் மூடியபோது, ஊர்ப்பிள்ளைகளுக்கு ஸ்ரீதர் வேம்பு தாமே பாடம் எடுத்தார். அந்த முயற்சி கலைவாணி கல்வி மையமாக வளர்ந்தது. அங்கே படிப்பும் சாப்பாடும் இலவசம். 2021-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.