பிள்ளை பேசட்டும்



"வீட்டில் வாய் ஓயாமல் பேசுகிறான், சார். பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று பேசச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்கிறானாம்." பள்ளிக்கு வரும் தாய்மார்கள் பலர் என்னிடம் சொல்லும் குறை இது. கூச்சம் பிறவிக் குணம் என்று நாம் விட்டுவிடுகிறோம். சில பிள்ளைகளுக்கு அப்படியும் இருக்கலாம். ஆனால் தோட்டத்துப் பிள்ளைகளின் மௌனத்துக்கு ஒரு வரலாறும் உண்டு.

வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில், தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆபீசு வாசலில் நின்றவர்கள் நம் பாட்டன்மார். துரை கேட்டால் கிராணி பதில் சொல்வார். கிராணி கேட்டால் கங்காணி பதில் சொல்வார். வாய் திறவாதவனே நல்ல ஆள் என்று பெயரெடுத்தான். அந்தப் பாடம் லயத்து வீட்டுக்குள்ளும் நுழைந்தது. இன்று அந்தத் துரைமார் இல்லை. பல தோட்டங்களும் இல்லை. ரப்பர் நிரைகள் இருந்த இடங்களில் செம்பனையும் தாமான் வீடுகளும் வந்துவிட்டன. "வாயை மூடு" என்ற சொல் மட்டும் இன்னும் நம்மோடு இருக்கிறது.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. தஞ்சோங் ரம்புத்தானில் 1911-ஆம் ஆண்டு மனநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. அன்று முதல் நாடு முழுவதும் எங்கள் ஊர்ப் பெயர் ஒரு கேலிச் சொல்லாகிவிட்டது. யாராவது கொஞ்சம் தாறுமாறாகப் பேசினால், "இவனைத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பு" என்பார்கள். ஆறாம் ஆண்டை முடித்துவிட்டு ஈப்போவில் உள்ள இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளையை எண்ணிப் பாருங்கள். புதிய இடம், புதிய முகங்கள், பாடமெல்லாம் மலாய் மொழியில். முதல் நாள் எழுந்து தன் ஊரைச் சொல்கிறது, வகுப்பு சிரிக்கிறது. அன்று கடைசி வரிசைக்குப் போகிற பிள்ளை ஐந்தாம் படிவம் வரை அங்கேயே இருந்துவிடக்கூடும்.

இதற்காகவே ஒரு முறை எங்கள் ஆறாம் ஆண்டு மாணவர்களிடம், "உங்கள் ஊரைப் பற்றி வீட்டில் கேட்டுக்கொண்டு வாருங்கள், எழுதி வரவேண்டாம், வந்து சொல்லுங்கள்" என்றேன். வகுப்பில் எட்டுப் பேர்தான். சிறிய பள்ளியைப் பற்றி நாம் குறைப்பட்டுக்கொள்கிறோம். ஆனால் எட்டுப் பேர் உள்ள வகுப்பில் எல்லாருக்கும் பேச நேரம் கிடைக்கிறது. ஒருவன் கிந்தா ஆற்றில் தன் தாத்தா மீன் பிடித்த கதையைச் சொன்னான். 'தஞ்சோங்' என்றால் மலாய் மொழியில் நிலமுனை என்று இன்னொருவன் தெரிந்துகொண்டு வந்தான். அதுவரை பெயர் கூப்பிட்டால்கூட உதட்டை மட்டும் அசைக்கும் ஒரு சிறுமி, தன் பாட்டி அந்த மருத்துவமனையின் சலவைக் கூடத்தில் வேலை செய்ததைச் சொல்லத் தொடங்கினாள். அங்கிருந்தவர்கள் பாட்டியைக் கண்டால் "சாப்பிட்டாயா?" என்று விசாரிப்பார்களாம். காய்ச்சல் வந்தவர் போவது போலத்தான் அவர்களும் அங்கே வந்தார்கள் என்று பாட்டி சொன்னாராம். பஹாகியா என்று பின்னாளில் மருத்துவமனைக்குப் பெயர் வந்ததையும், அதற்கு மகிழ்ச்சி என்று பொருள் என்பதையும் அவளே சொன்னாள். பத்து நிமிடம் பேசினாள். இடையில் ஒருவரும் சிரிக்கவில்லை.

அவளுக்குப் பேச்சுக் கலை எதையும் நான் கற்றுக்கொடுத்ததில்லை. சொல்வதற்கு அவளுடையதென்று ஒரு செய்தி இருந்தது. கேட்பதற்கு ஆட்கள் இருந்தார்கள். அவ்வளவுதான்.

பேச்சுப் போட்டி இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். போட்டிகள் வேண்டியவைதாம். ஆனால் ஆசிரியர் எழுதி, அப்பா திருத்தி, பிள்ளை மனப்பாடம் செய்து, கையை இங்கே தூக்கு, அங்கே இறக்கு என்று பழக்கி மேடையேற்றுகிறோமே, அது நம்முடைய பேச்சு; பிள்ளையின் வாய் வழியாக வருகிறது. நடுவில் ஒரு வரி மறந்தால் பிள்ளை கலங்கி நின்றுவிடுகிறது. தன் சொந்தக் கதையை யாராவது மறப்பார்களா?

எழுத்தும் இப்படித்தான். 1950-களில் கோ. சாரங்கபாணி ஆசிரியராக இருந்த 'தமிழ் முரசு' நாளிதழ் 'மாணவர் மணிமன்றம்' என்ற பகுதியை மாணவர்களுக்கென்றே ஒதுக்கியது. மாணவர்கள் எழுதி அஞ்சலில் அனுப்பியவை அதில் அச்சாயின. பின்னாளில் இந்நாட்டில் எழுத்தாளர்களாக விளங்கிய பலர் தங்கள் பெயரை முதன்முதலில் அச்சில் கண்டது அங்கேதான். அவர்களில் தோட்டத்துப் பிள்ளைகளும் உண்டு. மேசை நாற்காலி இல்லாத வீட்டில் இருந்துகொண்டு எழுதினார்கள்.

வீட்டில் என்ன செய்யலாம்? விடியுமுன் பெரட்டுக்குப் போய், பால் வெட்டியோ குலை சுமந்தோ களைத்து வருகிறவர்களிடம் நான் அதிகம் கேட்கவில்லை. இரவுச் சாப்பாட்டு நேரத்தில் பத்து நிமிடம் கைப்பேசியும் தொலைக்காட்சியும் ஓயட்டும். "இன்று பள்ளியில் என்ன?" என்று கேட்டால் "ஒன்றுமில்லை" என்றுதான் பதில் வரும். "இன்று யாரோடு விளையாடினாய்? யார் தோற்றது?" என்று கேட்டுப் பாருங்கள். சொல்லும்போது குறுக்கே பிழை திருத்தாதீர்கள். கைலியைத் திரையாகக் கட்டி நாடகம் போட்டால், "வீட்டைக் குப்பையாக்காதே" என்று விரட்டாமல் சற்று உட்கார்ந்து பாருங்கள். படம் வரைந்து காட்டினால், "இது மாடா, நாயா?" என்று கேலி செய்யாமல், "இதில் என்ன நடக்கிறது?" என்று கேளுங்கள்.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். வீட்டிலும் பேசாத பிள்ளை, கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, சொல் திக்கித் தவிக்கும் பிள்ளை ஆகியோரைக் கூச்சம் என்று ஒதுக்கிவிடாமல், அரசாங்கக் கிளினிக்கில் காட்டிக் காதையும் பேச்சையும் சோதிக்கச் சொல்லுங்கள். காது மந்தமான பிள்ளை மக்குப் பிள்ளையென்று பெயர் வாங்குவது மிகவும் கொடுமை.

கிளினிக் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. மருத்துவர் பிள்ளையைப் பார்த்து, "எங்கே வலிக்கிறது?" என்று கேட்பார். நாம் முந்திக்கொண்டு, "மூன்று நாளாக வயிற்றுவலி, டாக்டர்" என்று சொல்லிவிடுகிறோம். அடுத்த முறை போகும்போது கொஞ்சம் பொறுத்திருங்கள். பிள்ளை உங்கள் முகத்தைப் பார்க்கும். நீங்கள் மருத்துவரைக் காட்டுங்கள். தமிழோ, மலாயோ, இரண்டும் கலந்தோ, அதுவே தன் வயிற்றைத் தொட்டுச் சொல்லட்டும்.