வில்லங்கம் பார்த்தீர்களா?

நடுவர் அவர்களே! "சட்டம் இருக்கு, சொத்து தானா நிக்கும்" என்றார் எதிரணிச் சகோதரி. தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் பக்கம் வந்து பாருங்கம்மா. ரிடையரான வாத்தியார் பி.எஃப். பணத்தைப் போட்டு ஒரு கிரவுண்டு வாங்கியிருப்பார். பையன் அமெரிக்காவில். மனையில் முள்செடிதான் குடியிருக்கும். (சிரிப்பு) ஒருத்தன் அவர் பேரில் அடையாள அட்டை செய்து, ஆள் மாறாட்டத்தில் பவர் எழுதி வாங்கி, அந்தப் பவரை வைத்துக் கிரயமும் முடித்துவிடுவான்!

பதிவு ஆகிவிட்டதே என்பீர்கள். விற்கிறவனுக்கு உரிமை இருக்கா என்று ஆராய்வது சார்பதிவாளர் வேலையல்ல என்று 2025-இல் உச்ச நீதிமன்றமே சொன்னது ஐயா! போலிப் பத்திரத்தை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்ய 2022-இல் 77-ஏ பிரிவு நடைமுறைக்கு வந்தது. கைதட்டினோம். 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. உரிமைத் தகராறு சிவில் கோர்ட்டு விஷயம். நியாயம்தான், ஆனால் எழுபது வயது வாத்தியார் எத்தனை வாய்தாவுக்குப் படியேறுவார்?

பதிவுத்துறை இணையதளத்தில் காசில்லாமல் வில்லங்கம் பார்க்கலாம். தினமும் ராசிபலன் பார்க்கிறோமே, மாசம் ஒருநாள் சர்வே நம்பரைத் தட்டக் கூடாதா? (கைதட்டல்) அறியாத பேர் ஒன்று தெரிந்தால் அன்றைக்கே போலீசில் புகார் கொடுக்கணும். தாமதித்தால், ஏமாந்து வாங்கினவன் கடன் வாங்கி அஸ்திவாரம் போட்டுவிடுவான். அப்புறம் ரெண்டு குடும்பம் நடுத்தெருவில்!

சகோதரிக்கும் மாடம்பாக்கத்தில் மனை இருக்காம். கடைசியா வில்லங்கம் எப்பம்மா பார்த்தீங்க?